வலி மாத்திரையும் ஆன்ட்டிபயாடிக்கும்... சேர்த்து விழுங்கலாமா?

ஒரு நாள் காலை, என் கிளினிக்குக்கு வழக்கமாக வரும் ஒரு அம்மா கையில் காகிதக் கவரோடு வந்தார். கவரைக் கவிழ்த்து மேஜை மேல் கொட்டினார். நாலு விதமான மாத்திரைகள்!

"டாக்டர், இதெல்லாம் எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு. நேத்துக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கினாங்க. ஆன்ட்டிபயாடிக் இருக்கு, வலி மாத்திரை இருக்கு, இன்னும் என்னென்னமோ இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாப் போடலாமா, இல்ல கேப் விட்டுப் போடணுமா? ரெண்டும் சேர்ந்தா கிட்னி போயிடும்னு பக்கத்து வீட்டு மாமி சொல்றாங்க. இவர் பயந்துபோய் ராத்திரி முழுக்க வலியோடயே படுத்திருந்தார்."

"அந்தப் பல் டாக்டரையே கேட்டிருக்கலாமேம்மா?"

"அங்க ஒரே கூட்டம். மெடிக்கல் ஷாப்புல அதைவிடக் கூட்டம். நீங்கதான் உட்கார வச்சுப் பேசுவீங்க!"

சித்த வைத்தியனிடம் ஆங்கில மருந்தைப் பற்றிக் கேள்வி! சிரிப்பு வந்தது. ஆனால், இது சிரித்து ஒதுக்கும் விஷயமில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் வீட்டில் அலோபதி மாத்திரைகளும் சாப்பிடுகிறார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் என் மருந்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை அனுபவப்பட்டே கற்றுக்கொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை மருந்துச் சீட்டு அல்ல. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் நீங்கள் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டும் என்ன வேலை செய்கின்றன?

ராத்திரி வீட்டுக்குள் திருடன் நுழைகிறான். வாசலில் நாய் குரைக்கிறது. ஆன்ட்டிபயாடிக் திருடனைப் பிடிக்கிற வேலையைச் செய்கிறது. வலி மாத்திரை நாயைச் சத்தம் போடாமல் இருக்க வைக்கிறது. திருடன் கிருமி, குரைப்பு வலியும் காய்ச்சலும்.

வேலைகள் வேறு வேறு என்பதால், பெரும்பாலும் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. பல்லுக்கும் தொண்டைக்கும் அடிக்கடி எழுதித் தரப்படும் அமாக்ஸிசிலினையும், நமக்கெல்லாம் பழகிப்போன பாரசிட்டமாலையும் ஒரே நேரத்தில் விழுங்கினாலும் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்காது. நடுவில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமாக்ஸிசிலினோடு ஐபுப்ரோஃபென் சேர்ந்தாலும் அப்படித்தான். ஆகவே, அந்த வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க வலியில் புரண்டது வீண் சிரமம்.

'அப்படியானால் பிரச்னையே இல்லையா?' என்று கேட்காதீர்கள். பிரச்னை உண்டு. அது மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் இருப்பதைவிட, அதை விழுங்குகிற மனிதரின் வயிற்றிலும் கிட்னியிலும், அவர் ஏற்கெனவே சாப்பிடுகிற மற்ற மருந்துகளிலும்தான் அதிகம் இருக்கிறது.

எல்லா வலி மாத்திரையும் ஒன்றல்ல

உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவது அதுதான். அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கிறது. கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையாமலும் பார்த்துக்கொள்கிறது.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவை இந்தப் பொருள் சுரப்பதையே தடுக்கின்றன. வலி குறைகிறது, கூடவே வயிற்றுக்கும் கிட்னிக்கும் இருந்த காவலும் குறைகிறது. அதனால்தான் 'சாப்பிட்ட பிறகு போடுங்கள்' என்கிறார்கள். வெறும் வயிற்றில் காப்பியோடு போட்டுவிட்டு, 'நெஞ்சு எரியுது டாக்டர்' என்று வருகிறவர்கள் எத்தனையோ பேர்!

பாரசிட்டமால் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. வயிற்றைப் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. ஆனால் அளவு மீறினால் அது கை வைப்பது கல்லீரலில்.

ஆன்ட்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் சேர்ந்து கிட்னியைக் கெடுப்பது எப்படி? ஒரு பெரியவரின் கதையைக் கேளுங்கள்.

நெருஞ்சில் கேட்டு வந்த பெரியவர்

வயது 68. பிரஷருக்கு ஒரு மாத்திரை, சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை என்று பல வருடமாகச் சாப்பிடுகிறவர். தொண்டைப் புண்ணுக்காக அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். இவருக்கும் வந்தது. தண்ணீர் குடித்தால் இன்னும் போகுமோ என்று பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். உடம்பு வலிக்கு, வீட்டில் கிடந்த ஐபுப்ரோஃபெனைத் தானாகவே தினம் மூன்று வேளை, எட்டு நாள் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் என்னிடம் வந்தார். "டாக்டர், காலெல்லாம் வீங்கியிருக்கு. நீர் சரியாப் பிரியல. நெருஞ்சில் குடிநீர் கொடுங்க, சரியாயிடும்."

நான் குடிநீர் கொடுக்கவில்லை. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. வலி மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றி, சில வாரங்களில் சரியாகி வந்தார். நல்லவேளை! இன்னும் நாலு நாள் 'பார்க்கலாம்' என்று இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

என்ன நடந்தது என்று பாருங்கள். பேதியில் உடம்பு நீர் வற்றியது. சிறுநீர் மாத்திரை மேலும் வற்ற வைத்தது. பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரில், லோசார்ட்டன் போன்றவை கிட்னிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பவை. அந்த நேரம் பார்த்து ஐபுப்ரோஃபென் கிட்னிக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்தது. எல்லாமும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் வினை. ஆகவே, மாமி சொன்னது முழுப் பொய்யும் இல்லை!

பிரஷர், சர்க்கரை, கிட்னிக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும், அறுபதைத் தாண்டியவர்களும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வகைகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ஆன்ட்டிபயாடிக் சாப்பிடும்போது பேதியோ வாந்தியோ வந்தால், இந்த வகை வலி மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலையோ கஞ்சியையோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பது தவறு. (டாக்டர் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருக்கும் இதய, கிட்னி நோயாளிகள் மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளவும்.)

ஒளிந்திருக்கும் பாரசிட்டமால்

இப்போது அந்த அம்மா கொட்டிய மாத்திரைகளுக்கு வருவோம். அமாக்ஸிசிலின் ஒன்று. மெட்ரோனிடஸோல் ஒன்று. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று. நாலாவது வலி மாத்திரை. அதன் அட்டையைத் திருப்பிப் படித்தேன். ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 மில்லிகிராம். இரண்டும் ஒரே மாத்திரையில்.

"இதைத் தவிர வேற ஏதாவது போடறாராம்மா?"

"காய்ச்சல் மாதிரி இருக்குன்னு 650 மாத்திரை தனியாப் போட்டுக்கறார். மூக்கு ஒழுகுதுன்னு ஜலதோஷ மாத்திரையும்..."

பார்த்தீர்களா? அந்த மூன்றிலும் பாரசிட்டமால்! பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று.

கணக்குப் போடுங்கள். 650 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 4 போட்டால் 2,600. ஜலதோஷ மாத்திரை ஒன்றில் 500 என்றால், 3 மாத்திரைக்கு 1,500. மொத்தம் 4,100! வலி மாத்திரையில் இருப்பதைச் சேர்க்காமலேயே இவ்வளவு. ஆரோக்கியமான பெரியவர் 24 மணி நேரத்தில் தாண்டக் கூடாத எல்லை 4,000 மில்லிகிராம். மெலிந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்கள் இவர்களுக்கெல்லாம் எல்லை இதைவிடக் குறைவு. கல்லீரல் கெடுவதில் ஒரு கொடுமை என்னவென்றால், முதல் நாள் ஒன்றும் தெரியாது. வெறும் குமட்டல்தான். தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும்.

எனவே, கம்பெனி பெயரைப் பார்க்காதீர்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கண் தெரியவில்லையா? பேரப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்!

நிஜமாகவே சண்டை போடும் ஜோடிகள்

சில ஆன்ட்டிபயாடிக்குகள் வலி மாத்திரையோடு சேர்ந்தால் கவனம் தேவை.

சிப்ரோஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின்: இவற்றோடு ஐபுப்ரோஃபென் வகைகள் சேரும்போது மூளை நரம்புகள் தூண்டப்பட்டு, அபூர்வமாக வலிப்பு வரலாம். முன்பே வலிப்பு நோய் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்னொன்று: இந்த ஆன்ட்டிபயாடிக்குகளைச் சாப்பிடும்போது குதிகால் நரம்பு திடீரென்று வலித்தால், வலி மாத்திரை போட்டு அமுக்காதீர்கள். தசைநாண் பாதிக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

அமிக்காசின், ஜென்டாமைசின் ஊசிகள்: இவையே கிட்னிக்குச் சுமை. கூடவே ஐபுப்ரோஃபென் வகை வேண்டாம்.

லினசோலிட்: இதோடு டிரமடால் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் படபடப்பு, நடுக்கம், அதிகக் காய்ச்சல் என்று ஆபத்தான நிலை வரலாம்.

டி.பி. மருந்துகள்: ஐசோநியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு, பாரசிட்டமால் அளவு கூடினால் கல்லீரல் சீக்கிரம் பாதிக்கப்படும். கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

மெட்ரோனிடஸோல்: பல் வைத்தியத்தில் அடிக்கடி வரும் மருந்து. இதைச் சாப்பிடும் நாட்களில் மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இது ரத்தக் கசிவை அதிகமாக்கும். அதன் மேல் ஐபுப்ரோஃபெனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐபுப்ரோஃபெனை அதற்கு முன்னால் போட்டால் ஆஸ்பிரினின் பலன் குறையலாம். 'நான் ஆஸ்பிரின் சாப்பிடறேன்' என்று பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். 'பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று விட்டுவிடாதீர்கள்.

நான் செய்த தப்பு

இனி, என் அனுபவம். பல வருடங்களுக்கு முன் ஒரு பெண்மணி, நெஞ்செரிச்சல் தாங்கவில்லை என்று வந்தார். சங்கு பற்பம் கொடுத்தேன். வேளைக்கு வேளை சாப்பிட்டார். எரிச்சல் நின்றது. ஆனால் நாலு நாள் கழித்து அவருடைய கணவர் வந்து, "குளிர் காய்ச்சல் திரும்ப வந்திடுச்சு, ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம்" என்றார்.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குச் சிறுநீர்த் தொற்று. அதற்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக். நெஞ்செரிச்சல் வந்ததே அந்த வலி மாத்திரையால்தான்! நான் கொடுத்த சங்கு பற்பமோ சுண்ணாம்புச் சத்து. அது குடலில் சிப்ரோஃப்ளாக்ஸசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடும். வலி மாத்திரை உண்டாக்கிய எரிச்சலுக்கு நான் மருந்து கொடுக்கப்போய், கிருமிக்கான மருந்தின் காலை வாரிவிட்டேன். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் பிழைத்து வந்தார். அன்று முதல், என்னிடம் வருகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் கொண்டு வந்து காட்டிய பிறகுதான் நாடியையே பிடிக்கிறேன்.

சித்த மருத்துவத்தில் 'அனுபானம்' என்று சொல்வோம். மருந்தைத் தேனிலா, நெய்யிலா, வெந்நீரிலா, எதோடு கொடுக்கிறோம் என்பது மருந்தளவு முக்கியம். ஆங்கில மருந்துக்கும் அதே நியாயம்தான். சங்கு பற்பம், பவளப் பற்பம், முத்துச்சிப்பிப் பற்பம் எல்லாம் சுண்ணாம்புச் சத்து. அயச் செந்தூரம் இரும்புச் சத்து. சிப்ரோஃப்ளாக்ஸசினை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போதான் சாப்பிட வேண்டும். கடையில் வாங்கும் கால்சியம், அயர்ன் மாத்திரை, வயிற்றெரிச்சல் டானிக் எல்லாவற்றுக்கும் இதே விதி. பாலோடு விழுங்குவதும் கூடாது. டாக்ஸிசைக்ளினையும் இவற்றோடு சேர்க்கக் கூடாது. தவிர, அதை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

'நாட்டு மருந்துதானே, சைடு எஃபெக்ட் இல்லை' என்று எங்கள் மருந்தை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எங்களிடம் ஆங்கில மருந்தை மறைக்காதீர்கள்.

குழந்தைகளுக்கு...

குழந்தைகளுக்கு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து அளவு. பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 வரை. நடுவில் 4 முதல் 6 மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம்.

பாட்டிலைப் பார்த்து ஊற்றுங்கள். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 250. சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100! சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால், 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு, பாட்டிலோடு வரும் மூடியையோ சிரிஞ்சையோ உபயோகியுங்கள்.

குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-லேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய அட்டை கிடந்தால் தூக்கிப் போடுங்கள். அம்மை போட்டிருக்கும் குழந்தைக்கு ஐபுப்ரோஃபென் வேண்டாம். டெங்கு என்று சந்தேகம் இருந்தால், குழந்தையானாலும் பெரியவரானாலும் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது. ரத்தக் கசிவு அதிகமாகும். கர்ப்பிணிகளும் இவற்றைத் தாங்களாகப் போடக் கூடாது.

வலி போனால் நோய் போச்சா?

நாய் குரைப்பதை நிறுத்தியதும், திருடன் போய்விட்டான் என்று அர்த்தமா? இல்லையே! இரண்டாம் நாளே வலி நின்றுவிடும். 'சரியாப் போச்சு' என்று ஆன்ட்டிபயாடிக்கை நிறுத்திவிடுவார்கள். இது தலைகீழ். வலி மாத்திரையைத்தான் வலி நின்றதும் நிறுத்தலாம். ஆன்ட்டிபயாடிக்கை டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

அதேபோல், வைரஸால் வரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்ட்டிபயாடிக் பயன்படாது. அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். போன தடவை மீந்ததை இந்தத் தடவை போடாதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

மாத்திரை போட்டதும் உடம்பெங்கும் தடிப்பு, உதடு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல் (ஆஸ்துமாக்காரர்கள் ஐபுப்ரோஃபென் வகையில் கூடுதல் கவனமாக இருக்கவும்). கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி. சிறுநீர் குறைவது, கால் வீக்கம். கண் மஞ்சளாவது. ரத்தம் கலந்த பேதி. பல் பிடுங்கியவருக்கு, மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறுவது, வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை. இவற்றில் எது வந்தாலும் 'காலையில் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள்.

அந்த அம்மாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 'காலை, இரவு என்று பல் டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும் வேளைகளை மாற்ற வேண்டாம். வலி மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போடவும். ஆன்ட்டிபயாடிக்கோடு சேர்த்தே விழுங்கலாம். 650-யும் ஜலதோஷ மாத்திரையும் நிறுத்தவும். 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கவும். அதற்கு முன் கொப்பளித்தால் புண்ணில் உறைந்த ரத்தம் கலைந்துவிடும்.' அப்புறம், அவர் கையாலேயே பல் டாக்டருக்குப் போன் போட வைத்தேன். அவரும் அதையேதான் சொன்னார்.

"அவ்வளவுதானா டாக்டர்? இதுக்கா ராத்திரி பூரா அந்த மனுஷன் துடிச்சார்!" என்றார் அந்த அம்மா.

அவ்வளவுதான். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன் மூன்றே கேள்விகள் கேளுங்கள். 'இந்த வலி மாத்திரைக்குள் என்னென்ன இருக்கிறது? நான் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? எதை எப்போது நிறுத்த வேண்டும்?' கூட்டம் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை.